நியூ ஜெர்சியில் எழுதிய லிவிங் வில் டெக்சஸில் செல்லுமா?

இளைய மகள் கேட்டது இது: அப்பாவுக்கு 76 வயது, அம்மா இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் நியூ ஜெர்சியில் மூத்த மகள் வீட்டில் இருந்தபோது, இரண்டு சாட்சிகளை வைத்து லிவிங் வில் (தன்னால் சொல்ல முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் பத்திரம்) எழுதியிருக்கிறார். இப்போது டெக்சஸில் இளைய மகளோடு இருக்கிறார். சிறுநீரகம் மெல்லப் பலவீனமாகி வருகிறது. அந்தத் தாள் இங்கே செல்லுமா, அக்கா தங்கைக்குள் கருத்து வேறுபட்டால் யார் சொல்வது நடக்கும்?

செல்லும். டெக்சஸின் உடல்நலச் சட்டத்தில் 166-ஆம் அத்தியாயம் இதற்கென்றே இருக்கிறது. வேறொரு மாநிலத்தில் அந்த மாநிலச் சட்டப்படி முறையாக எழுதிய பத்திரத்துக்கு, இங்கே எழுதியதற்கு உள்ள அதே மதிப்பு உண்டு என்று அது சொல்கிறது. டெக்சஸ் சட்டம் தடை செய்த எதையும் அந்தப் பத்திரத்தைக் காட்டிச் செய்துவிட முடியாது என்பது மட்டும்தான் நிபந்தனை. நியூ ஜெர்சியில் இரண்டு சாட்சிகள் போதும், அல்லது நோட்டரி போதும். ஆகவே உங்கள் அப்பாவின் தாள் அங்கேயும் சரியானது, இங்கேயும் சரியானது.

ஆனால் அது ஒன்றை மட்டும் நம்பி இருக்காதீர்கள். மருத்துவமனையில் நோயாளிகளின் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. தாள் செல்லாமல் போய்த் தவித்த குடும்பங்களைவிட, செல்லுகிற தாள் கையில் இருந்தும் தவித்த குடும்பங்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

முதலில் அந்தப் பத்திரத்தை எடுத்து, அது எந்த வகை என்று பாருங்கள். நியூ ஜெர்சியின் 1991 சட்டம் மூன்று வகைகளை ஏற்கிறது. இன்ன நிலையில் இன்ன சிகிச்சை வேண்டும் அல்லது வேண்டாம் என்று மட்டும் சொல்வது ஒன்று. பொதுவாக லிவிங் வில் என்கிறோமே, அது இதுதான். எனக்காக முடிவெடுக்க இன்னாரை நியமிக்கிறேன் என்று ஆளைக் குறிப்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தது மூன்றாவது. அப்பாவுடையது முதல் வகை என்றால், அதில் யார் பெயரும் இருக்காது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

டெக்சஸில் அந்த மாதிரித் தாளுக்கு உயிர் வருவது இரண்டு நிலைகளில்தான். ஒன்று, உள்ள சிகிச்சை எல்லாம் கொடுத்தாலும் ஆறு மாதத்துக்குள் இறப்பு நேரும் என்று மருத்துவர் கணிக்கும் நிலை. மற்றொன்று மீள முடியாத நிலை: நோயைச் சமாளிக்கலாம், குணப்படுத்த முடியாது, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளவோ தனக்காக முடிவெடுக்கவோ இயலாது, உயிர்காப்புச் சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் நிற்காது. இவற்றில் ஒன்று என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். இந்தச் சட்டத்தின் கணக்கில் வென்டிலேட்டர், டயாலிசிஸ், குழாய் வழியாகக் கொடுக்கும் உணவும் நீரும் உயிர்காப்புச் சிகிச்சைகள். வலி தணிக்கும் மருந்து அந்தக் கணக்கில் வராது. எந்தத் தாளில் என்ன எழுதியிருந்தாலும் வலிக்கு மருந்து நிற்காது. அப்பாக்கள் பலருக்கு உள்ளூர இருக்கும் பயம் இதுதான், அவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் வீட்டில் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்காது. நிமோனியா வந்து ஒரு வாரம் வென்டிலேட்டர் தேவைப்படலாம். இன்றைக்கு நினைவு தெளிவில்லை, நாளைக்குத் தெளியலாம். டயாலிசிஸை மூன்று மாதம் முயன்று பார்ப்போமா என்று மருத்துவர் கேட்பார். இதற்கெல்லாம் பழைய தாள் பதில் சொல்லாது. அப்போது முடிவு உறவினரிடம் வருகிறது. டெக்சஸ் சட்டம் சொல்லும் வரிசையில் கணவர் அல்லது மனைவி முதலில், அடுத்து வயது வந்த பிள்ளைகள், அதன் பிறகு பெற்றோர். பிள்ளைகளுக்குள் மூத்தவர் இளையவர், ஆண் பெண், உள்ளூரில் இருப்பவர் வெளியூரில் இருப்பவர் என்று எந்தத் தரமும் இல்லை. நம் வீடுகளில் கொள்ளி வைக்கும் மகனுக்குத்தான் இதிலும் முதல் சொல் என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்க மாநிலச் சட்டம் எதிலும் அப்படி ஒன்று கிடையாது. நீங்களும் அக்காவும் சமம். இருவரும் ஒத்துப்போனால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒத்துப்போகாவிட்டால் மருத்துவர்கள் தயங்குவார்கள், மருத்துவமனையின் அறநெறிக் குழுவைக் கூப்பிடுவார்கள், அப்படியும் தீராவிட்டால் நீதிமன்றம். அத்தனை நாளும் அப்பா ஐ.சி.யூ.வில் கிடப்பார்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, அப்பா தெளிவாக இருக்கும்போதே, டெக்சஸ் படிவத்திலேயே மெடிக்கல் பவர் ஆஃப் அட்டர்னி எழுதி ஒருவரை நியமிப்பது. இதற்கு வக்கீல் தேவையில்லை. படிவம் மாநில சுகாதாரத் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போடலாம், அல்லது நோட்டரி முன்னால். சாட்சிகளில் ஒருவராவது இரத்த உறவோ திருமண உறவோ இல்லாதவராக, சொத்தில் பங்கு வராதவராக, நியமிக்கப்படும் ஏஜென்டாக இல்லாதவராக, சிகிச்சை தரும் மருத்துவரோ அவரது ஊழியரோ அல்லாதவராக இருக்க வேண்டும். வீட்டில் விருந்துக்கு வந்த மாமாவையும் மருமகனையும் சாட்சியாகப் போட்டு முடித்துவிடுகிறார்கள், அது செல்லாது. பக்கத்து வீட்டுக்காரரையும் நண்பர் ஒருவரையும் கூப்பிடுங்கள், அல்லது வங்கியில் நோட்டரி இருக்கிறாரா என்று கேளுங்கள்.

ஏஜென்டாக ஒருவர் பெயர், அவர் கிடைக்காவிட்டால் மாற்றாக இன்னொருவர் பெயர். நீங்கள் ஏஜென்ட், அக்கா மாற்று, அல்லது நேர்மாறாக. “இரண்டு பேரும் சேர்ந்தே முடிவெடுக்கட்டும்” என்று எழுதச் சொல்லும் அப்பாக்கள் உண்டு. பாசத்தில் சொல்கிறார்கள், ஆனால் தீர்க்க வந்த சிக்கலையே அது திரும்பக் கொண்டுவருகிறது. ஒருவரை நியமித்துவிட்டு, மற்றவரைக் கலந்து பேசச் சொல்லி ஒரு வரி சேர்க்கலாம். யாரை நியமிப்பது என்பதில் பாசத்தின் அளவைப் பார்க்காதீர்கள். அப்பா விரும்பியதை, தன் மனம் ஒப்பாவிட்டாலும், மருத்துவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியவர் யாரோ அவர்தான் தகுந்தவர்.

இந்தப் பவர் கையெழுத்திட்ட மறுநாளே நடைமுறைக்கு வருவதில்லை. தனக்காக முடிவெடுக்கும் நிலையில் அவர் இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் ஏஜென்ட் பேசலாம். அதற்குப் பிறகும்கூட, அப்பாவே ஒரு சிகிச்சையை எதிர்த்தால் அவர் எதிர்ப்புக்கே முதலிடம். தன் பேச்சு இனி எடுபடாதோ என்று கையெழுத்துப் போடத் தயங்கும் பெரியவர்களுக்கு இந்த இரண்டையும் விளக்கினால் பெரும்பாலும் தயக்கம் போய்விடுகிறது.

மாநிலத்துக்கு மாநிலம் இத்தனை வேறுபாடு ஏன் என்று கேட்டால், இந்தச் சட்டங்கள் பலவும் ஏதோ ஒரு குடும்பத்தின் துயரத்திலிருந்து, அந்தந்த மாநிலத்தில் தனித்தனியாகப் பிறந்தவை. உங்கள் அப்பா தாள் எழுதிய நியூ ஜெர்சியில்தான் முதல் பெரிய வழக்கு நடந்தது. 1975 ஏப்ரலில் கேரன் ஆன் குவின்லன் என்ற 21 வயதுப் பெண் நினைவிழந்தார், பிறகு திரும்பவே இல்லை. வென்டிலேட்டரை எடுக்கப் பெற்றோர் கேட்டார்கள், மருத்துவர்கள் மறுத்தார்கள். 1976 மார்ச் 31 அன்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. வென்டிலேட்டரை எடுத்த பிறகும் அவர் தானாகவே மூச்சுவிட்டு 1985 ஜூன் வரை உயிரோடு இருந்தார். கருவியை எடுத்த மறுகணம் உயிர் போய்விடும் என்று எல்லாரும் நினைக்கிறோமே, அது எப்போதும் அப்படியல்ல.

அதே 1976 செப்டம்பரில் கலிபோர்னியா நாட்டிலேயே முதல் சட்டத்தை இயற்றியது. மிகவும் பயந்து பயந்து எழுதிய சட்டம். குணமாகாத நோய் என்று தெரிந்து 14 நாள் கழித்துக் கையெழுத்திட்டால்தான் மருத்துவரைக் கட்டுப்படுத்தும். அதுவும் ஐந்தாண்டு வரைதான். டெக்சஸ் 1977-இல் தன் முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. இன்றைய வடிவம் 1999-இல் வந்தது. எல்லா மாநிலத்துக்கும் பொதுவான மாதிரிச் சட்டம் ஒன்று 1993-இல் எழுதப்பட்டு, 2023-இல் திருத்தவும் பட்டது. முதல் வடிவத்தைச் சில மாநிலங்களே எடுத்துக்கொண்டன. நியூயார்க், மாசசூசெட்ஸ், மிச்சிகன் மூன்றிலும் ஆளை நியமிக்கச் சட்டம் இருக்கிறது, லிவிங் வில்லுக்கென்று தனிச் சட்டம் இல்லை. அங்கே எழுதி வைத்த விருப்பம் நோயாளியின் மனதுக்குச் சான்றாகப் பயன்படும். புளோரிடாவில் இரண்டு சாட்சிகளில் ஒருவர் கணவர், மனைவி, இரத்த உறவு என்று எதுவாகவும் இருக்கக் கூடாது. கலிபோர்னியாவில் முதியோர் நர்சிங் இல்லத்தில் இருப்பவர் எழுதினால், முதியோரின் குறைகளைக் கேட்க அரசு அமர்த்திய அலுவலர் சாட்சியாக வர வேண்டும். அக்கா வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் மாறி மாறிப் போகிறவர் என்றால், இரண்டு மாநிலப் படிவங்களிலும் ஒரே ஆளை நியமித்து வைப்பதில் தவறில்லை. ஆனால் பெயர்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் எழுதியது முன்னால் எழுதியதை ரத்து செய்யும்படி ஆகிவிடக் கூடாது.

குழாய் வழி உணவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், தமிழ்க் குடும்பங்கள் உடைந்துபோகும் இடம் இதுதான். வென்டிலேட்டர் வேண்டாம் என்று சொல்லிவிடும் மகன், வயிற்றுக் குழாயை எடுக்கும் பேச்சு வந்ததும் “அப்பாவைப் பட்டினி போட்டா அனுப்புவது?” என்று அழுதுவிடுவார். நாம் மட்டும் அல்ல, இந்த நாடே இதில்தான் பல ஆண்டு தடுமாறியது. மிசௌரியில் நான்சி குரூசன் 1983 ஜனவரியில் கார் விபத்தில் நினைவிழந்தார். குழாயை எடுக்கப் பெற்றோர் நடத்திய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1990 ஜூன் 25 அன்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: நோயாளியின் விருப்பத்துக்குத் தெளிவான, உறுதியான சான்று வேண்டும் என்று ஒரு மாநிலம் கேட்கலாம். பிறகு அவரது தோழிகள் முன்வந்து, அவர் முன்பு சொன்னதைச் சொன்ன பிறகே அந்த டிசம்பரில் குழாய் எடுக்கப்பட்டது. புளோரிடாவில் டெரி ஷியாவோ 1990-இல் மயங்கி விழுந்தார். எழுத்தில் எதுவும் இல்லை. கணவர் ஒரு பக்கம், பெற்றோர் மறு பக்கம். 2005 மார்ச்சில் அவர் இறக்கும்வரை மாநிலச் சட்டமன்றமும் நாடாளுமன்றமும்கூட உள்ளே வந்தன.

ஆக, சட்டத்தின் பார்வையில் குழாய் உணவு ஒரு சிகிச்சை, வேண்டாம் எனலாம். அப்படியிருந்தும் நியூயார்க் மாநிலம் இதற்குத் தனி விதி வைத்திருக்கிறது: குழாய் உணவு பற்றி நோயாளியின் மனம் ஏஜென்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் அந்த ஒரு விஷயத்தில் அவர் முடிவெடுக்க முடியாது. நல்ல விதி என்பேன். உங்கள் அப்பாவிடம் மற்ற எதைக் கேட்க மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வாயால் சாப்பிட முடிகிறவரை சாப்பிடக் கொடுப்பது, உதட்டை நனைப்பது, ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பது ஆகியவற்றை எந்தத் தாளும் தடுக்காது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். உயிர் அடங்கும் கட்டத்தில் உடல் பசியைக் கேட்பது குறைந்துவிடுகிறது, வற்புறுத்தி ஏற்றும் உணவும் நீரும் சில நேரம் மூச்சுத் திணறலையும் வீக்கத்தையும் கூட்டுகின்றன. இதை முன்பே கேட்டிருந்தால் பிள்ளைகளுக்குக் குற்ற உணர்வு குறைகிறது.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்பது அடுத்தது. “வென்டிலேட்டர் வைக்கலாமா?” என்று கேட்காதீர்கள். “நல்லதே நடக்கும், இப்போது எதற்கு இந்தப் பேச்சு” என்பார், அல்லது “நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்” என்பார். எது போனால் வாழ்க்கையே போனது போல இருக்கும் என்று கேளுங்கள். எங்களை அடையாளம் தெரியாமல் படுத்திருந்தால்? வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய் வந்தால் அது பரவாயில்லையா, எந்தக் கட்டம் வந்தால் நிறுத்தச் சொல்வீர்கள்? கடைசி நாட்கள் வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா? அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொண்டு அக்காவுக்கும் அனுப்புங்கள். முடிந்தால் அக்காவையும் வீடியோவில் உட்கார வையுங்கள். அப்பா வாயால் கேட்ட மகள் பின்னால் சண்டைக்கு நிற்பது அரிது. எல்லாச் சிகிச்சையும் கடைசிவரை வேண்டும் என்று அவர் சொன்னால் அதையும் அப்படியே எழுதுங்கள். டெக்சஸ் படிவத்திலேயே உயிர்காப்புச் சிகிச்சையைத் தொடரச் சொல்லும் தேர்வும் இருக்கிறது. இந்தத் தாள் மறுப்பதற்கு மட்டும் உரியது அல்ல.

டாக்டரிடம் இதைப் பேசும்போது நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள். மருத்துவமனை தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியிலாவது இலவசமாக ஏற்படுத்தித் தர வேண்டும் என்பது மத்தியச் சட்டம், தமிழுக்கும் கிடைக்கிறது. “சாவு” என்ற சொல்லை அப்பா முன்னால் சொல்ல எந்த மகளுக்கும் நா எழாது. “கொஞ்சம் சீரியஸ் என்கிறார்” என்று மாற்றிச் சொல்லிவிடுவோம். அப்பாவின் முடிவு அந்தப் பாதிச் செய்தியில் நின்றுவிடும். அவருக்கு மெடிகேர் (முதியோருக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு) இருந்தால், இந்த உரையாடலுக்கென்றே மருத்துவருக்குப் பணம் தரும் ஏற்பாடு 2016 முதல் உண்டு. தனியாக நேரம் கேளுங்கள். அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். 1995-இல் வெளிவந்த சப்போர்ட் என்ற பெரிய ஆய்வு, ஐந்து மருத்துவமனைகளில் 9,105 கடும் நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. சி.பி.ஆர். (இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயல்வது) வேண்டாம் என்று விரும்பியவர்களின் மனதைத் தெரிந்து வைத்திருந்த மருத்துவர்கள் 47 சதவீதம்தான். தாள் கோப்பில் இருந்தால் மட்டும் போதாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

டெக்சஸுக்கே உரிய இரண்டு விஷயங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். குடும்பம் சிகிச்சையைத் தொடரச் சொல்லி, மருத்துவர் அதில் பயனில்லை, தீங்கே என்று கருதினால், மருத்துவமனைக் குழு கூடி மருத்துவர் பக்கம் முடிவெடுக்க முடியும். முன்பு அதன் பிறகு குடும்பத்துக்கு 10 நாள்தான் அவகாசம், அதற்குள் வேறு மருத்துவமனையைத் தேட வேண்டும். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2023 செப்டம்பர் முதல் அது 25 நாள் ஆனது. குழுக் கூட்டத்துக்கு 7 நாள் முன்பே அறிவிக்கவும் வேண்டும். தன் முடிவைத் தானே சொல்லக்கூடிய நோயாளிக்கு இந்த நடைமுறை பொருந்தாது. இன்னொன்று உங்களுக்கானது. இங்கே கருவுற்ற பெண்ணிடமிருந்து உயிர்காப்புச் சிகிச்சையை இந்தச் சட்டத்தின் கீழ் எடுக்க முடியாது, அவர் என்ன எழுதியிருந்தாலும். 2013 நவம்பரில் ஃபோர்ட் வொர்த்தில் 14 வாரக் கர்ப்பிணியான மார்லிஸ் முன்யோஸ் மூளைச்சாவு அடைந்தபோதும் இதைக் காட்டிக் கருவிகளைத் தொடர்ந்தார்கள். இறந்தவருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று நீதிபதி சொன்ன பிறகு, 2014 ஜனவரி இறுதியில்தான் குடும்பத்திடம் உடல் வந்தது. நீங்களும் உங்களுக்கென்று எழுதும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் விஷயம். 911 என்ற அவசர உதவி எண்ணைக் கூப்பிட்டால் வருகிறவர்கள் லிவிங் வில்லைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள், நெஞ்சை அழுத்தத் தொடங்குவார்கள். அவர்களை நிறுத்துவது மருத்துவரும் கையெழுத்திட்ட தனிப் படிவம் அல்லது அதற்குரிய கைவளை. உங்கள் அப்பா இன்னும் அந்தக் கட்டத்தில் இல்லை. இப்போது அதில் கையெழுத்திட வேண்டாம். நோய் முற்றி, சி.பி.ஆர். வேண்டாம் என்று அவரே தீர்மானிக்கும் நாளில் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்குபவர் என்றால், இந்தத் தாள்களை அங்கே நம்ப வேண்டாம். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இந்த உரிமையை ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட் கையொப்பம் வரை கேட்டதால் யாராலும் எழுத முடியவில்லை. 2023 ஜனவரி 24 அன்று விதிகளை எளிதாக்கினார்கள்: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்று, முடிவெடுக்க வேண்டிய உறவினர் பெயர். நடைமுறைக்கு வரும்போது இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அங்குள்ள முறையில் தனியாக ஒன்று எழுதி வைப்பதே நல்லது.

எழுதி முடித்த பத்திரத்தை பேங்க் லாக்கரில் பூட்டாதீர்கள்; வேண்டிய இரவில் பேங்க் திறந்திருக்காது. ஒரு பிரதி சிறுநீரக மருத்துவருக்கு, ஒன்று வழக்கமாகப் போகும் மருத்துவமனையின் பதிவேட்டில், ஒன்று அக்காவிடம், உங்கள் போனில் ஒரு படம். அப்பா மருத்துவமனையில் சேரும் ஒவ்வொரு முறையும் இந்தப் பத்திரம் இருக்கிறதா என்று அவர்களே கேட்பார்கள், 1991 டிசம்பர் முதல் மெடிகேர் பணம் வாங்கும் எல்லா மருத்துவமனைகளுக்கும் அது கடமை. “வீட்டில் இருக்கிறது” என்று சொல்லிவிடாமல் அப்போதே கையில் கொடுங்கள். டயாலிசிஸ் பேச்சு எழும் நாளில் அப்பாவோடு உட்கார்ந்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள். மனம் மாறியிருந்தால் புதிதாக எழுதி, பழைய பிரதிகளைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள்.